பதினொரு ‘இல்லை’



சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. பாவசங்கீர்த்தனத்திற்கு வந்தோரெல்லாம் வீடு திரும்பிய பின், கோயிற் கதவைச் சாத்திவிட்டு நாம் பங்கு இல்லத்தை அடைந்தபோது, திண்ணையில் ஒரு பெண்பிள்ளை குறிப்பேட்டுடன் காத்திருந்தாள். மேல்நிலை முதலாண்டில் உயிரியல் படிப்பவள். ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுவில் பாடுபவள். “சாமி, நீங்கள் குருமடத்திற்குப் போகுமுன் விலங்கியல் படித்தவர்கள் என்று அம்மா சொன்னார்கள். இதைக் கொஞ்சம் பார்த்துத் தருவீர்களா?” என்று ஏட்டை நீட்டினாள்.

‘கடற்பஞ்சு ஒன்றையும் பட்டாம்பூச்சி வகை ஒன்றையும் ஒப்பிடுக’ என்பது ஆசிரியர் கொடுத்திருந்த வினா. பிள்ளை அழகாகக் கட்டம் போட்டிருந்தாள். இடப்புறம் குளியற் பஞ்சு. வலப்புறம் அமெரிக்க நாட்டு மோனார்க் பட்டாம்பூச்சி. கண், வாய், வயிறு, கால், சிறகு, நரம்பு, மூளை, தசை, இதயம், உணர்கொம்பு, இடம் பெயர்தல் என்று பதினொரு வரிகள். வலப்புறம் பதினொரு முறை ‘உண்டு’. இடப்புறம் பதினொரு முறை ‘இல்லை’. அடியிலே சிவப்பு மையில், ‘ஆகவே கடற்பஞ்சு கீழ்நிலை உயிரி; பட்டாம்பூச்சி மேல்நிலை உயிரி’ என்று தீர்ப்பும் எழுதப்பட்டிருந்தது.

நாம் சற்று நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் பார்க்கச் சென்று திரும்பும் சில உறவினர்களின் பேச்சு நினைவுக்கு வந்தது. நகை இல்லை, நிலம் இல்லை, தந்தை இல்லை, அண்ணன் இல்லை என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். சொன்னவற்றில் ஒன்றும் பொய்யாயிராது. அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்பது மட்டும் கடைசி வரை தெரியவே தெரியாது.

“பத்து வரி சரி, மகளே. பதினோராவது தவறு. தீர்ப்பை இப்போதைக்கு ஒதுக்கி வை” என்றோம். அன்று ஒரு மணி நேரத்திற்கு மேல் அவளோடு பேசியவற்றைச் சற்று விரித்து இம்மாதம் நேயர்களுக்குத் தருகின்றோம்.

கடற்பஞ்சு நமக்குப் பெயரளவில் பழக்கமானதே. சிலுவையில் தொங்கிய ஆண்டவருக்குப் புளித்த இரசத்தில் தோய்த்து நீட்டப்பட்டது அது. திருமறை நூலில் அப்பாடுகளின் வரலாற்றில் அன்றி வேறெங்கும் அதனைக் காண்பதற்கில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று அதனைக் ‘கடற்காளான்’ என்றது. இப்போது ‘கடற்பஞ்சு’ என்கின்றோம். ஒரு பெயர் அதனைக் காளானோடு சேர்க்கின்றது. மற்றொன்று செடியில் வெடிக்கும் பஞ்சோடு சேர்க்கின்றது. அது விலங்கு என்பதை இரண்டுமே சொல்லவில்லை. இதில் தமிழருக்கு மட்டும் பழி இல்லை. மேலைநாட்டாரும் பல நூற்றாண்டுகள் அதனை ஐயத்துடனேயே நோக்கினர். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், பறிக்க வருபவரை உணர்ந்தால் கடற்பஞ்சு சுருங்கிக்கொள்ளும் என்று பஞ்சு எடுப்போர் கூறியதைக் குறித்து வைத்தார். தொரோனே என்னும் ஊரார் அதனை நம்பவில்லை என்பதையும் மறவாமல் எழுதினார். தலைக்கவசத்தின் உட்புறத்தில் மெத்தையாக வைக்கப்படும் நுண்ணிய பஞ்சு வகையைப் பற்றியும் அவர் நூலில் செய்தி உண்டு.

ஐயம் தீர நெடுங்காலம் ஆயிற்று. 1825-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து இராபர்ட் கிராண்ட் என்பவர் உயிருள்ள சிறு பஞ்சுத் துண்டைக் கடல்நீருடன் கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு நுண்ணோக்கியால் பார்த்தார். அதன் வாய் போன்ற துளையிலிருந்து நீர் ஊற்றெனப் பீறிட்டு வந்துகொண்டே இருந்தது. நீர் உள்ளே போகும் வழி வேறு, வெளிவரும் வழி வேறு என்பதை அவர் கண்டறிந்தார். இளைஞரான டார்வின் அக்காலத்தில் எடின்பரோவில் மருத்துவம் பயின்றுகொண்டு, இந்தக் கிராண்டுடன் கடற்கரையில் உயிரினங்களைத் தேடி அலைந்தவர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

கடைகளில் நாம் காணும் குளியற் பஞ்சு, அதாவது செயற்கையல்லாத உண்மையான பஞ்சு, அவ்வுயிரின் உடல் அன்று. அதன் எலும்புக்கூடு என்றே சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடலின் பாறையில் ஒட்டியிருக்கையில் அது கறுத்த தோலும் வழுவழுப்பான சதையும் உடையது. பிடுங்கியவர்கள் படகுத் தட்டில் இட்டுக் காலால் மிதித்து, அழுகவிட்டு, கடல்நீரில் பலமுறை அலசிய பின்னரே பொன்னிறமான நார்வலை எஞ்சுகின்றது. ஸ்பாஞ்சின் என்னும் புரதத்தாலானது அந்த வலை. வெறுங்கூட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே குடியிருந்தவருக்கு ஒன்றும் இல்லை என்கின்றோம்.

குடியிருந்தவர் செய்யும் தொழில் யாது? நீர் இறைப்பது. உடல் முழுவதும் ஊசித்துளைகள். அவற்றின் வழியே கடல்நீர் நுழைகின்றது. உள்ளே எண்ணற்ற சிறு அறைகள். அறைச் சுவர்களில் வரிசையாக நிற்கும் உயிரணுக்கள் ஒவ்வொன்றுக்கும் சாட்டை போன்ற ஓர் இழை உண்டு. அதனைச் சுற்றி வடிகட்டி போன்ற ஒரு கழுத்துப்பட்டையும் உண்டு. அச்சாட்டைகள் இரவு பகலாய் வீசுவதால் நீர் இழுக்கப்படுகின்றது. வடிகட்டியில் சிக்கும் பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களே உணவு. பிழிந்த நீர் பெருந்துளை வழியே வெளியேறும். பத்து சென்டிமீட்டர் உயரமும் ஒரு சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள, விரலளவேயான ஒரு சுண்ணாம்புப் பஞ்சை ஆராய்ந்தவர்கள், அதனுள் ஏறத்தாழ இருபத்திரண்டரை லட்சம் அறைகள் இருப்பதாகவும், நாளொன்றுக்கு அது 22.5 லிட்டர் நீரை இறைப்பதாகவும் கணக்கிட்டனர். நம் வீட்டுக் குடம் பதினைந்து லிட்டர் கொள்ளும் என்றால் ஒன்றரைக் குடம். விரல் ஒன்று இருந்த இடத்திலிருந்தே ஒன்றரைக் குடம் நீரைச் சலித்துக் கொடுக்கின்றது!

பவளப்பாறைகள் நிறைந்த கடல் தெளிந்திருந்தும் உணவுச் செழிப்பு குன்றியது. அங்கே இத்தனை உயிர்கள் எவ்வாறு பிழைக்கின்றன என்பது பழைய புதிர். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று விடையின் ஒரு பகுதியைத் தந்தது. பவளமும் பாசியும் நீரில் கரையவிடும் சத்தை மற்ற விலங்குகளால் எடுத்துண்ண இயலாது. கடற்பஞ்சு அதனை உறிஞ்சித் தன் உயிரணுக்களை வளர்த்து, பழையனவற்றை ஓயாது உதிர்க்கின்றது. உதிர்ந்தவற்றை நத்தையும் நண்டும் புழுவும் உண்கின்றன. வாயும் வயிறும் இல்லாத ஒன்று ஊருக்குச் சமைத்துப் போடுகின்றது என்றபோது அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள்.

இனி வலப்புறத்தாருக்கு வருவோம். மோனார்க் பட்டாம்பூச்சி அழகிலே எவருக்கும் இளைத்ததன்று. செம்மஞ்சட் சிறகு, கரிய நரம்புக்கோடுகள், ஓரத்திலே வெண்புள்ளிகள். எடையோ ஏறத்தாழ அரை கிராம். அதன் தாய் எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்த பால்செடியின் இலையில் ஒவ்வொன்றாய் முட்டையிடும். நான்கு நாளில் புழு வெளிவரும். முதலில் தன் முட்டைத்தோலைத் தின்னும். பின்னர் இலையைத் தின்னத் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தன் எடையை இரண்டாயிரம் மடங்கு பெருக்கிவிடும். பால்செடியன்றி வேறெதையும் அது தொடாது. நம்மூர் எருக்கஞ்செடியில் இதே குலத்தைச் சேர்ந்த வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சி முட்டையிடுவதைக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்திலேயே நேயர்கள் பார்க்கலாம். உருவிலும் நிறத்திலும் இரண்டும் அக்காள் தங்கை.

பால்செடியின் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. புழு அந்நஞ்சைத் தின்றும் சாவதில்லை. உடலில் சேர்த்து வைக்கின்றது. சிறகு முளைத்த பின்னும் அந்நஞ்சு உடலில் இருக்கும். காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நீலப்பறவைக்கு இப்பட்டாம்பூச்சியை ஊட்டிப் பார்த்தார் லிங்கன் பிரவர் என்னும் அமெரிக்க அறிஞர். தின்ற பறவை சிறிது நேரத்தில் வாந்தியெடுத்தது. அதன் பின் செம்மஞ்சள் சிறகைக் கண்டாலே தொடமாட்டேன் என்றது. ஆக அந்தப் பகட்டு நிறம் அழகுக்காக அன்று, எச்சரிக்கைப் பலகை.

ஆனால் மோனார்க்கின் பெயரை உலகறியச் செய்தது அதன் யாத்திரையே. கோடையில் பிறப்பவை சில வாரங்களே வாழ்ந்து மடிகின்றன. கோடையின் இறுதியில் கனடாவின் தென்பகுதியிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியிலும் பிறக்கும் தலைமுறை மட்டும் வேறானது. அது உடனே முட்டையிடுவதில்லை. தெற்கு நோக்கிப் புறப்பட்டு, நாலாயிரம் கிலோமீட்டர் வரை பறந்து, மெக்சிகோ நாட்டின் மிச்சோவகான் முதலிய மலைப்பகுதிகளில், மூவாயிரம் மீட்டர் உயரத்து ஓயமெல் என்னும் ஊசியிலை மரக்காடுகளை அடைகின்றது. அங்கே மரந்தோறும் கொத்துக் கொத்தாய்ப் படிந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றது. மார்ச்சு மாதத்தில் வடக்கே திரும்பிப் பாதி வழியில் முட்டையிட்டு இறக்கின்றது. மீதி வழியைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முடிக்கின்றனர். மறு ஆண்டு தெற்கே புறப்படுவது கொள்ளுப்பேரன் அல்லது அவனுக்கும் அடுத்தவன். காட்டைக் கண்டவன் எவனும் உயிரோடில்லை. ஆயினும் வழி தவறுவதில்லை. சூரியனே திசைகாட்டி, சூரியன் நகர நகரக் கணக்கைத் திருத்தும் கடிகாரம் உணர்கொம்புகளில் இருக்கின்றதென 2009-இல் கண்டறிந்தனர்.

இக்காட்டைத் தேடிக் கனடா நாட்டு உர்க்குவார்ட் தம்பதியர் பல்லாண்டுகள் உழைத்தனர். சிறகில் சிறு தாட்சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டு, ஆயிரக்கணக்கான தொண்டர்களின் துணையுடன் பாதையைக் கணித்தனர். 1975 சனவரியில் அவர்களுடைய துணைவர்களான கென் பிரக்கரும் கத்தலினா அகுவாடோவும் மலை உச்சியில் அந்த மரங்களைக் கண்டனர். அடுத்த ஆண்டு அங்கே சென்ற உர்க்குவார்ட், கீழே உதிர்ந்த பூச்சிகளிடையே சீட்டு ஒட்டிய ஒன்றைக் கண்டெடுத்தார். அது மின்னசோட்டா மாநிலத்தில் பள்ளி மாணவர் கையால் ஒட்டப்பட்டது. ‘கண்டுபிடித்தார்கள்’ என்று நூல்கள் எழுதுகின்றன. மலையடிவாரத்து ஊராருக்கோ அது தலைமுறை தலைமுறையாய்த் தெரிந்த செய்தி. நவம்பர் முதல் நாட்களில், அதாவது கல்லறைத் திருநாளையொட்டி, அவை ஆண்டுதோறும் வந்து சேர்வதால், இறந்தோரின் ஆன்மாக்களே வீடு திரும்புகின்றன என்று அம்மக்கள் சொல்லி வந்தனர். பண்டைக் கிரேக்கத்திலும் பட்டாம்பூச்சிக்கும் ஆன்மாவுக்கும் ஒரே சொல்தான்: ‘சைக்கே’. கடற்பஞ்சைப் பற்றி எழுதிய அதே அரிஸ்டாட்டில், கோசு இனத்து இலையில் இருக்கும் புழுவிலிருந்து ‘சைக்கே’ பிறப்பதையும் எழுதியுள்ளார்.

“பார்த்தீர்களா சாமி, பட்டாம்பூச்சிதான் பெரியது” என்றாள் பிள்ளை. நாலாயிரம் கிலோமீட்டரையும் அசையாப் பாறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இப்போதுதான் பதினோராவது வரியைத் திருத்த வேண்டும்.

கடற்பஞ்சுக்கும் குழந்தைப் பருவம் உண்டு. ஒரு பஞ்சு நீரில் விடும் ஆணணுக்களை மற்றொரு பஞ்சு, உணவை இழுப்பது போலவே இழுத்துக்கொள்கின்றது. தின்றுவிடாமல் கருவிடம் சேர்க்கின்றது. தாயின் உடலுக்குள் வளரும் குஞ்சு ஒரு நாள் வெளியே வரும்போது அதன் மேனியெங்கும் நுண்மயிர்கள். அவற்றை அசைத்து அது நீந்துகின்றது. கண்ணில்லாமலே ஒளியை உணர்ந்து விலகும் குஞ்சுகளும் உண்டு. சில மணி நேரமோ ஓரிரு நாளோ நீந்தி, ஓரிடத்தைத் தேர்ந்து, தலைகீழாய்ப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். பட்டாம்பூச்சி இளமையில் ஒரு செடியை விட்டு அகலாது. வளர்ந்தபின் உலகைச் சுற்றும். கடற்பஞ்சு இளமையில் சுற்றும், வளர்ந்தபின் வேரூன்றும். இருவரும் செய்வது ஒன்றே, காலத்தைத்தான் மாற்றிக்கொண்டார்கள். வளர்ந்த பஞ்சும் கூட முற்றிலும் அசையாததன்று. சில வகைகள் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் ஊர்ந்து நகர்வதை 1988-இல் அளந்திருக்கின்றனர். துளையில் தூசி அடைத்துக்கொண்டால் மெல்லச் சுருங்கி விரிந்து வெளித்தள்ளும் வழக்கமும் உண்டு. அறிஞர்கள் இதற்குத் தும்மல் என்றே பெயரிட்டுள்ளனர். ஒரு தும்மலுக்கு அரை மணி நேரமும் ஆகலாம்.

இரண்டிற்கும் பொதுவான மற்றொரு செய்தி உண்டு. நம்மை நெடுநாளாய் வியப்பில் ஆழ்த்துவது அதுவே. 1907-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில் வில்சன் என்னும் விலங்கியலார் ஒரு செந்நிறப் பஞ்சை எடுத்து, மாவு சலிக்கும் நுண்ணிய பட்டுத்துணியில் வைத்து, நீருக்குள் பிழிந்தார். மறுபுறத்தில் தனித்தனி உயிரணுக்கள் செம்புகை போல் வெளிவந்து அடியிலே படிந்தன. பஞ்சு என்று சொல்ல ஒன்றும் எஞ்சவில்லை. ஆனால் அந்த அணுக்கள் ஊர்ந்து ஒன்றையொன்று தேடின; தொட்டவை ஒட்டிக்கொண்டன; சிறு உருண்டைகளாயின. நாட்கள் செல்ல அவ்வுருண்டைகளில் மீண்டும் துளையும் அறையும் சாட்டையும் தோன்றி, புதிய பஞ்சாகி நீர் இறைக்கத் தொடங்கின. இரு வேறு இனத்துப் பஞ்சுகளைப் பிழிந்து கலந்தால், பெரும்பாலும் தத்தம் இனத்தையே தேடிச் சேர்கின்றன என்பதையும் பின்னர்க் கண்டனர். நரம்பில்லாத உயிருக்குத் தன்னவர் யார் என்பது தெரிகின்றது. சலித்த துணி பட்டு, அதாவது பட்டாம்பூச்சியின் உறவினரான ஒரு பூச்சியின் புழு நூற்ற நூல் என்பது நமக்கு உவப்பளிக்கும் ஒரு தற்செயல்.

பட்டாம்பூச்சியும் பிழியப்படாமல் சிறகு பெறுவதில்லை. கூட்டுப்புழுவின் பச்சை ஓட்டுக்குள், தங்கப் பொட்டுகள் மின்னும் அந்த அமைதிக்குள், புழுவின் தசையும் குடலும் பெரும்பகுதி கரைந்து போகின்றன. ஒருவகைக் குழம்பு எனலாம். ஆனால் வெறுங்குழம்பு அன்று. புழுவாயிருந்த காலத்திலேயே சிறகுக்கும் காலுக்கும் உணர்கொம்புக்கும் உரிய சிறு மொட்டுகள் உள்ளே மறைந்திருந்தன. கரைந்தவற்றை உண்டு அம்மொட்டுகள் விரிகின்றன. மூளையோ முற்றிலும் கரைவதில்லை, திருத்திக் கட்டப்படுகின்றது. மோனார்க்கில் அன்று, அதற்குச் சற்று எட்டிய உறவான ஓர் அந்துப்பூச்சியில், 2008-இல் ஒரு சோதனை நடத்தினர். புழுப் பருவத்தின் இறுதியில் ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினர். சிறகு முளைத்து வந்த அந்தும் அந்த வாசனையை வெறுத்து விலகிற்று. கரைந்தது உடல், பட்ட துன்பத்தின் நினைவு கரையவில்லை.

இவ்விடத்தில் அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவள் தம்பியை நினைத்திருப்பாள் என்று தோன்றிற்று. நமக்கும் அவன் நினைவே. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, பின் சொன்னோம்.

நேயர்களுக்கு முன்கதை தெரிய வேண்டும். அவள் தம்பி நான்கு வயதாயிருக்கையில் இரத்தப் புற்றுநோய் கண்டது. நகரத்து மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்தியம். நற்கருணை எடுத்துக்கொண்டு நாம் சென்ற நாட்களில், அவன் தாயார் தம் செபப்புத்தகத்தின் பின்னட்டையில் ஊசி மருந்துகளின் பெயர்களையும் தேதிகளையும் பென்சிலால் வரிசையாய் எழுதி வைத்திருப்பார்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதியதை நம்மிடம் காட்டி, “இதை எப்படிச் சொல்ல வேண்டும் சாமி?” என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அவற்றுள் ஒன்று ‘சைட்டராபின்’.

கடற்பஞ்சு ஓட முடியாது. மீன் கடிக்க வந்தாலும், பக்கத்திலிருப்பது மேலே படர வந்தாலும், விலகவும் முடியாது. ஆகையால் தற்காப்புக்கு வேதிப்பொருள்களையே நம்பி வாழ்கின்றது. சிலவற்றை அதுவே செய்கின்றது. சிலவற்றை அதனுள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் செய்து கொடுக்கின்றன. பட்டாம்பூச்சி செடியிடம் கடன் வாங்கிய நஞ்சால் பிழைப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். 1950-ஆம் ஆண்டையொட்டி, வெர்னர் பெர்க்மன் என்னும் வேதியியலாரும் அவர் துணைவரும் ஃபுளோரிடாக் கரையோரத்துப் பஞ்சு ஒன்றிலிருந்து விந்தையான சில பொருள்களைப் பிரித்தெடுத்தனர். உயிரணு பெருகும்போது தன் மரபுப்பொருளைப் படியெடுக்கின்றது; அதற்கு வேண்டிய செங்கற்களைப் போலவே இவை இருந்தன. சர்க்கரைப் பகுதி மட்டும் வேறு. இத்தகைய கல்லை வைத்துக் கட்டினால் சுவர் மேலே எழும்பாது என்று அறிஞர்கள் சிந்திக்கலாயினர். அவ்வழியில் 1959-இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டதே சைட்டராபின். கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்த அணுக்கள் இக்கல்லை ஏமாந்து எடுத்துக்கொள்கின்றன, கட்டடம் நின்றுவிடுகின்றது. 1969-இல் அமெரிக்க அரசு இம்மருந்தை ஏற்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இன்றும் அது இருக்கின்றது. புட்டியில் வருவது பஞ்சின் சாறு அன்று, தொழிற்சாலையில் செய்யப்பட்டது. மாதிரியைத் தந்தது பஞ்சு. மற்ற மருந்துகளும் மருத்துவரும் செவிலியரும் சேர்ந்தே பையன் பிழைத்தான் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவன் இப்போது ஆறாம் வகுப்பு. பீடத்தில் உதவுகின்றான், தூபக்கலசத்தை அளவுக்கு மீறி ஆட்டி நம்மிடம் திட்டும் வாங்குகின்றான்.

பிள்ளை குறிப்பேட்டின் இடப்புறத்தை விரலால் தடவியபடி இருந்தாள். “இது யாருக்குமே தெரியாதே சாமி” என்றாள். தெரிந்தவர்கள் உண்டு, வீட்டுக்குச் சொல்பவர்கள்தாம் குறைவு.

இருவருக்கும் இப்போது காலம் நன்றாயில்லை என்பதையும் சுருக்கமாய்க் கூறினோம். கிரேக்க நாட்டின் கலிம்னோஸ் தீவார் தலைமுறைகளாய்ப் பஞ்சு எடுத்தே வாழ்ந்தவர்கள். தட்டைக்கல்லை மார்போடு அணைத்து மூச்சடக்கி மூழ்குவது பழைய முறை. 1860-களில் தலைக்கூடும் காற்றுக்குழாயும் கொண்ட உடை வந்தது. இன்னும் ஆழத்தில் இன்னும் நெடுநேரம் இருக்க முடிந்தது. விரைந்து மேலேறியவர்களின் இரத்தத்தில் காற்றுக்குமிழி கட்டிக் கைகால் முடங்கியது, பலர் மாண்டனர். கால் நடுங்கத் தடுமாறும் முடங்கிய மூழ்காளியின் நடையை ஆடிக் காட்டும் நடனம் ஒன்று அத்தீவில் இன்றும் ஆடப்படுகின்றது. 1986 முதல் மத்தியதரைக் கடலில் பஞ்சுகளுக்கே கொள்ளைநோய் கண்டது. கடல் சூடேறிய 1999, 2003 ஆகிய கோடைகளிலும் ஏராளமானவை மடிந்தன. மோனார்க்கின் கதையும் இதுவே. மெக்சிகோக் காட்டில் அவற்றை எண்ண முடியாதாகையால், அவை படிந்திருக்கும் பரப்பை அளக்கின்றனர். 1996-97 குளிர்காலத்தில் அது 18 எக்டேருக்கு மேல். 2013-14-இல் 0.67. அதன்பின் ஏறியும் இறங்கியும், 2023-24-இல் 0.9, அடுத்த குளிர்காலத்தில் 1.79. வயல்களில் களைக்கொல்லி தெளித்ததால் பால்செடி அருகியது, மலைக்காடு வெட்டப்பட்டது, பருவமும் தாறுமாறாயிற்று.

இருட்டிவிட்டது. பிள்ளையை அழைத்துப்போகத் தந்தை சைக்கிளில் வந்துவிட்டார். “கட்டத்தை நான் அழித்துவிடவா சாமி?” என்றாள். அழிக்க வேண்டாம், பத்து வரியும் உண்மைதானே. கீழே இன்னும் சில வரிகளைச் சேர் என்றோம்.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஏட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய பதினொரு வரியில் கடைசி வரி திருத்தப்பட்டிருந்தது: ‘இளமையில் உண்டு’. அதன் கீழே அவள் சேர்த்தவை: ‘இருந்த இடத்தில் நீரைச் சலித்துத் தருதல்’, ‘பிழிந்து பிரித்தபின் மீண்டும் ஒன்றாதல்’, ‘வெட்டிய அடியிலிருந்து முளைத்தல்’, ‘50 கோடி ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருத்தல்’. இம்முறை ‘இல்லை’ என்பது வலப்புறத்தில் விழுந்திருந்தது. ‘காணாத ஊருக்கு வழி அறிதல்’ என்ற வரியில் மட்டும் மீண்டும் இடப்புறம். ‘தானே பறிக்க முடியாத நஞ்சால் காக்கப்படுதல்’ என்பதில் இருவருக்கும் கேள்விக்குறி. சிவப்பு மையில் எழுதிய தீர்ப்பைக் கோடிட்டு அடித்துவிட்டாள். வேறு தீர்ப்பு எழுதவில்லை.

ஆசிரியர் பத்துக்கு ஆறு கொடுத்திருந்தார். ‘முடிவுரை இல்லை’ என்று ஒரு குறிப்பு. அவள் அதைப் பற்றி வருந்தியதாகத் தெரியவில்லை. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு படம் இருந்தது. தம்பி வரைந்ததாம். பாறைமேல் ஒரு பஞ்சு. அக்காள் எழுதிய முதலிரு வரிகளைப் படிக்காமலே, அதற்குப் பெரிய இரு கண்களும் சிரிக்கும் ஒரு வாயும் வைத்திருந்தான்.